லாகோஸ் ஒப்பந்தம் எழுதாமல் விட்டது

2025 ஜனவரி 29 அன்று மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளும் எக்கோவாஸ் எனப்படும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்திலிருந்து முறைப்படி வெளியேறின. அது அந்த அமைப்பின் பொன்விழா ஆண்டு. 2000-இல் மாரிட்டானியா விலகியபோது யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. இம்முறை மூன்று தொடக்க உறுப்பினர்கள் ஒன்றுசேர்ந்து போனார்கள். போகும்போது தங்களுக்குள் ஒரு படைக் கூட்டணியையும் அமைத்துக்கொண்டார்கள். இதற்கு அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம் எளிமையானது: சுங்கவரியைக் குறைக்கவும் சந்தையை விரிக்கவும் தொடங்கிய அமைப்பு, பனிப்போர் முடிந்தபின் தனக்குச் சம்பந்தமில்லாத படை, தடை, ஆட்சிக் கவிழ்ப்பு விவகாரங்களில் தலையிட்டுக் கெட்டுப்போனது, வணிகத்தோடு நின்றிருந்தால் பிழைத்திருக்கும். கேட்க நியாயமாகப் படுகிற இந்த விளக்கம் வரலாற்றுக்கு ஒத்துவரவில்லை. எக்கோவாஸ் ஒரு போரின் அச்சத்திலிருந்துதான் பிறந்தது. அந்த அச்சத்தை வெளிப்படையாகப் பேசமுடியாத நிலையில் அதை வணிக மொழியில் எழுதிவைத்தார்கள். யாருடைய பாதுகாப்பு, அதை யார் தீர்மானிப்பது, அதற்கு யார் விலை கொடுப்பது என்ற மூன்று கேள்விகளும் 1975-இல் பேசப்படாமலே விடப்பட்டன. பின்னால் வந்த முறிவுகளை வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொன்றும் இந்தக் கேள்விகளில்தான் போய் முட்டுகிறது.

தொடக்கத்தைத் தேட பயாஃப்ரா போருக்குப் போகவேண்டும். 1967 ஜூலை முதல் 1970 ஜனவரி வரை நைஜீரியாவின் கிழக்குப் பகுதி தனி நாடாகப் பிரிந்து போராடியது. போரிலும் பட்டினியிலும் பல லட்சம் பேர் மடிந்தார்கள். போரை வென்ற ஜெனரல் யாகுபு கோவோனுக்கு வெற்றியைவிடப் போரின்போது அக்கம்பக்கத்து நாடுகள் நடந்துகொண்ட விதம் ஆழமாக மனதில் பதிந்தது. ஐவரி கோஸ்ட்டின் அதிபர் ஃபெலிக்ஸ் ஹூஃபுவே-புவாஞி 1968-இல் பயாஃப்ராவைத் தனி நாடாக அங்கீகரித்தார். காபோனும் அங்கீகரித்தது. பிரான்ஸ் மறைமுகமாகக் கொடுத்த ஆயுதங்கள் லிப்ரவில், அபிஜான் வழியாகப் போய்ச்சேர்ந்தன. தோற்றுப்போன பயாஃப்ரா தலைவர் ஒஜுக்வு அடைக்கலம் புகுந்ததும் ஐவரி கோஸ்ட்டில்தான். நைஜீரியாவைச் சுற்றியுள்ள எல்லா நாடுகளும் பிரெஞ்சு மொழி பேசும் நாடுகள். ஒவ்வொன்றும் பாரிஸோடு ஏதோ ஒருவகையில் பிணைக்கப்பட்டவை. தன் ஒருமைப்பாட்டுக்கு வரும் அடுத்த ஆபத்து அண்டை வீட்டு வாசல் வழியாகத்தான் வரும் என்று லாகோஸ் முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. அந்த வாசல்களைப் பூட்ட முடியாது. ஆனால் பக்கத்து வீட்டாரின் பிழைப்பைத் தன்னோடு சேர்த்துக் கட்டிவிடலாம். எழுபதுகளில் பெருகத் தொடங்கிய எண்ணெய்ப் பணம் அதற்கு வழி செய்தது.

1972 ஏப்ரலில் கோவோனும் டோகோவின் ஞாசிங்பே எயாடெமாவும் இருதரப்பு ஒத்துழைப்புக்கு உடன்பட்டு, அதையே ஒரு வட்டார அமைப்பின் விதையாக அறிவித்தார்கள். இருவருமே ஆட்சிக் கவிழ்ப்பின் வழியாகப் பதவிக்கு வந்த படைவீரர்கள். 1973-இல் நைஜீரியாவின் பொருளாதார வளர்ச்சித் துறைப் பொறுப்பிலிருந்த அடெபாயோ அடெடெஜி, டோகோ அமைச்சர்களோடு சேர்ந்து நாடு நாடாகப் போய் ஆதரவு திரட்டினார். எதிர்ப்பும் வலுவாக இருந்தது. அதே 1973-இல் பிரான்சின் ஊக்கத்தோடு ஆறு பிரெஞ்சு மொழி நாடுகள் அபிஜானில் தங்களுக்கென ஒரு பொருளாதாரச் சமூகத்தை அமைத்துக்கொண்டன. செனகலின் செங்கோர், நைஜீரியாவின் எடையைச் சமன்செய்ய அமைப்பைத் தெற்கே ஜயர் வரை நீட்டவேண்டும் என்றார். பேரம் முறிந்துபோகாமல் காத்ததில் ஐரோப்பாவுக்கும் பங்குண்டு: பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேர்ந்தபின், முன்னாள் பிரிட்டிஷ் குடியேற்றங்களும் முன்னாள் பிரெஞ்சுக் குடியேற்றங்களும் ஒரே மேசையில் ஒரே தரப்பாக உட்கார்ந்து பேசவேண்டி வந்தது. அந்தப் பேச்சுகள் 1975 பிப்ரவரியில் லோமே உடன்படிக்கையாக முடிந்தன. மூன்று மாதம் கழித்து, மே 28 அன்று, 15 நாடுகள் லாகோஸில் கையெழுத்திட்டன. ஒப்பந்தத்தில் தொழில், போக்குவரத்து, வேளாண்மை, சுங்கம், நிதி எல்லாம் இருந்தன. பாதுகாப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் பேச்சில் எடுத்திருந்தால், நைஜீரியப் படையின் நிழலைக் கண்டு பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்தில், 1975 ஜூலையில், கோவோனே ஒரு ஆட்சிக் கவிழ்ப்பில் பதவி இழந்தார். அதற்கும் அந்த ஒப்பந்தத்தில் வழிவகை எதுவும் இல்லை.

பின்னால் நடந்ததை வைத்து முன்னாலிருந்த நோக்கத்தைக் கற்பிக்கிறோமோ என்ற ஐயம் இங்கே எழலாம். எண்ணெய்ப் பணத்துக்குச் சந்தை தேடியதும், சின்னஞ்சிறு நாடுகள் தனித்தனியே ஆலை கட்டிப் பயனில்லை என்ற பொருளியல் வாதமும் உண்மையானவையே. அடெடெஜி அதை நம்பித்தான் பேசினார். ஆனால் ஓர் அமைப்பின் அக்கறை எதில் என்பதை அது எதற்கு முதலில் நேரம் செலவிட்டது என்பதை வைத்தும் அளக்கலாம். உறுப்பு நாடுகள் ஒன்றையொன்று தாக்குவதில்லை என்ற நெறிமுறை 1978-இல் வந்தது. ஒருவர்மீது நடக்கும் தாக்குதல் எல்லோர்மீதும் நடப்பதே என்று சொல்லும் பரஸ்பரப் பாதுகாப்பு நெறிமுறை 1981-இல் ஃப்ரீடவுனில் கையெழுத்தானது. அதற்கு முன்பே, 1977-இல், பிரெஞ்சு மொழி நாடுகள் அபிஜானில் தங்களுக்குள் தனிப் பாதுகாப்பு உடன்பாடு செய்துகொண்டிருந்தன. எக்கோவாஸின் தலையாய பொருளாதார நோக்கமான பொதுச் சுங்கவரி எப்போது வந்தது? 2015 ஜனவரியில், ஒப்பந்தம் கையெழுத்தாகி ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து. பாதுகாப்புக்கு ஆறு ஆண்டு, சுங்கத்துக்கு நாற்பது ஆண்டு என்றால் முதல் கவலை எதுவென்று விளக்கத் தேவையில்லை. ஆனால் 1981-இன் நெறிமுறை சொன்ன கூட்டுப் படையோ, அதை ஆளவேண்டிய பாதுகாப்பு மன்றமோ உருவாகவே இல்லை. அச்சத்தை ஒப்புக்கொண்டார்கள், அதைக் கையாளும் அதிகாரத்தை ஒருவருக்கொருவர் கொடுக்கத் துணியவில்லை.

‘யாருடைய பாதுகாப்பு’ என்ற கேள்வி முதலில் எழுந்தது போர்க்களத்தில் அல்ல, சாலையில். 1979-இல் வந்த தடையற்ற நடமாட்ட நெறிமுறைப்படி உறுப்பு நாட்டுக் குடிமக்கள் விசா இல்லாமல் 90 நாள் வரை இன்னொரு நாட்டில் தங்கலாம். குடியிருப்பு உரிமையும் தொழில் நடத்தும் உரிமையும் கட்டம் கட்டமாகத் தொடரவேண்டும். எண்ணெய் வளத்தில் செழித்த நைஜீரியாவுக்குக் கானாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள்: ஆசிரியர்கள், தையல்காரர்கள், கட்டடத் தொழிலாளர்கள், வீட்டு வேலைக்காரர்கள். எண்ணெய் விலை சரிந்து தேர்தலும் நெருங்கிய 1983 ஜனவரியில், ஷெஹு ஷகாரி அரசு ஆவணமில்லாத அயல்நாட்டவர் இரண்டே வாரத்தில் வெளியேறவேண்டும் என்று உத்தரவிட்டது. குற்றங்கள் பெருகுவதும், 1980-இல் கானோ நகரில் நடந்த மதக் கலவரத்தில் வெளிநாட்டவர் பங்கும் காரணமாகச் சொல்லப்பட்டன. ஏறத்தாழ 20 லட்சம் பேர், பாதிக்கு மேல் கானாக்காரர்கள், கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு பெனின், டோகோ வழியாக மேற்கே நகர்ந்தார்கள். அவர்கள் சாமானைத் திணித்துக் கட்டிய கட்டம்போட்ட மலிவான பிளாஸ்டிக் பை இன்றைக்கும் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் ‘கானா மஸ்ட் கோ’ என்ற பெயரில் விற்கிறது. கானாவும் இதில் குற்றமற்றதல்ல. 1969-இல் பூசியா அரசு அயலாரை, அதிகமும் நைஜீரியரை, இதேபோல விரட்டியிருந்தது. உத்தரவு நெறிமுறையின் எழுத்தை மீறவில்லை, 90 நாள் கடந்தவர்களையே வெளியேற்றினோம் என்றது நைஜீரியா. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அரசுக்கும் புலம்பெயர்ந்த தொழிலாளிக்கும் பாதுகாப்பு வேறுவேறாகும்போது அமைப்பு அரசின் பக்கமே நிற்கும் என்பது அன்றைக்குத் தெளிவாகிவிட்டது.

1989 டிசம்பர் 24 அன்று கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லரின் ஆட்கள் ஐவரி கோஸ்ட் எல்லையைத் தாண்டி லைபீரியாவின் நிம்பா பகுதிக்குள் புகுந்தபோது மற்ற இரு கேள்விகளும் ஒருசேர வந்து நின்றன. அங்கே ஆண்டுகொண்டிருந்த சாமுவேல் டோ, 1980-இல் அதிபர் டோல்பர்ட்டைக் கொன்று பதவிக்கு வந்தவர். டோல்பர்ட் குடும்பத்துக்கும் ஹூஃபுவே-புவாஞி குடும்பத்துக்கும் திருமண உறவு இருந்தது. டெய்லருக்கு ஐவரி கோஸ்ட் வழிவிட்டது, புர்கினா ஃபாசோ ஆளும் ஆயுதமும் கொடுத்தது, லிபியா பயிற்சி கொடுத்தது. நைஜீரியாவின் பபாங்கிடாவோ டோவுக்கு நண்பர். அதாவது எக்கோவாஸ் தலையிடும் முன்பே அதன் உறுப்பினர்கள் போரின் இரு பக்கமும் நின்றார்கள். சில மாதங்களில் தலைநகர் மன்ரோவியா முற்றுகைக்கு உள்ளானது. லட்சக்கணக்கானோர் கினி, சியரா லியோன், ஐவரி கோஸ்ட்டுக்கு ஓடினார்கள். அமெரிக்கா தன் குடிமக்களை மீட்டுக்கொண்டதோடு சரி. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் உலகின் கவனம் வளைகுடாவுக்குப் போய்விட்டது. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் லைபீரியா பற்றித் தன் முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது 1992 நவம்பரில்தான்.

இந்த வெறுமையில்தான் 1990 ஆகஸ்ட் முதல் வாரத்தில் காம்பியாவின் பஞ்சுல் நகரில் ஐந்து நாடுகளின் நிலைச் சமரசக் குழு கூடி, எக்கோமாக் என்ற போர்நிறுத்தக் கண்காணிப்புப் படையை அனுப்ப முடிவெடுத்தது. அன்று வரை ஒரு வட்டாரப் பொருளாதார அமைப்பு உறுப்பு நாட்டின் உள்நாட்டுப் போருக்குள் தன் படையை இறக்கியதில்லை. சட்ட அடிப்படை ஆட்டம் கண்டிருந்தது. 1981 நெறிமுறை சொன்ன எந்த மன்றமும் இல்லை. முடிவெடுத்தது அரசுத் தலைவர்களின் முழு அவையும் அல்ல. அந்தக் குழுவுக்கு இந்த அதிகாரம் கிடையாது என்று புர்கினாவின் பிளேஸ் கொம்பாவொரே எழுத்து மூலமாகவே எதிர்த்தார். ஆனாலும் ஆகஸ்ட் 24 அன்று கானாவின் ஜெனரல் ஆர்னால்ட் குவைனூ தலைமையில் படை மன்ரோவியா துறைமுகத்தில் இறங்கியது. இறங்கிச் சில நாளில், செப்டம்பர் 9 அன்று, டோ தன் மெய்க்காவலர்களோடு அந்தத் துறைமுகத்திலிருந்த எக்கோமாக் தலைமையகத்துக்கே வந்தார். பின்னாலேயே இன்னொரு கிளர்ச்சிக் குழுவின் தலைவர் பிரின்ஸ் ஜான்சனின் ஆட்களும் வந்தார்கள். சுடத் தொடங்கினார்கள், டோவின் காவலர்கள் பலர் அங்கேயே விழுந்தார்கள், காலில் சுடப்பட்ட டோவைத் தூக்கிச் சென்று, கேமரா முன்னால் சித்திரவதை செய்து கொன்றார்கள். அமைதி காக்க வந்த படை தன் வளாகத்திலேயே நடந்ததைத் தடுக்கவில்லை. அதன்பின் குவைனூ மாற்றப்பட்டு, நைஜீரியாவின் ஜோஷுவா டோகன்யாரோ பொறுப்பேற்றார். அங்கிருந்து படைத்தலைமை நைஜீரியர் கையிலேயே இருந்தது. செலவிலும் பெரும்பங்கு நைஜீரியாவுடையதே. கொள்ளையில் ஈடுபட்ட வீரர்களைப் பார்த்து, அந்தப் படையின் பெயரெழுத்துகளுக்கு ‘நகரும் வண்டி எதுவானாலும் காணாமல் போகும்’ என்று மன்ரோவியாக்காரர்கள் வேறு விரிவு சொல்லிக் கேலி செய்தார்கள்.

இவ்வளவையும் சொன்னபின் எக்கோமாக் போயிருக்கவே கூடாது என்று முடிப்பது எளிது, அது சரியாகாது. மன்ரோவியாவில் ஒதுங்கியிருந்த லட்சக்கணக்கானோருக்கு அந்தப் படை ஒன்றுதான் சுவர். அது இல்லையென்றால் டெய்லரின் ஆட்களும் ஜான்சனின் ஆட்களும் தெருத்தெருவாக முடித்திருப்பார்கள். போர் எப்படி முடிந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. யமுசூக்ரோ, கொட்டோனு என்று ஊர் ஊராகக் கையெழுத்தான உடன்பாடுகள் முறிந்துகொண்டே இருந்தன. அபூஜாவில் 1995-இல் எட்டிய உடன்பாடும் முறிந்து, 1996-இல் அங்கேயே எட்டிய உடன்பாடுதான் நிலைத்தது. இடையில் மாறியது என்னவென்றால், நைஜீரியாவின் அபாச்சா டெய்லரோடு நேரடியாகப் பேசினார். ஐவரி கோஸ்ட்டும் புர்கினாவும் டெய்லரைத் தாங்குவதை விட்டுப் பேச்சுக்கு ஒத்துழைத்தன. இறுதிக் கட்டத்தில் புர்கினாவே அமைதிப் படைக்கு ஆள் அனுப்பியது. போரிடும் குழுக்களைப் பிரிப்பதற்குமுன் உறுப்பு நாடுகள் தங்களுக்குள் இருந்த சண்டையைத் தீர்க்கவேண்டியிருந்தது. 1975-இல் தள்ளிப்போட்ட பேச்சு ஏழு ஆண்டுப் போருக்குப் பிறகு நடந்தது என்று இதைச் சொல்லலாம். லைபீரியாவின் இரு உள்நாட்டுப் போர்களிலும் இறந்தோர் சுமார் 2.5 லட்சம் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். தள்ளிப்போட்டதன் விலையில் ஒரு பகுதியாவது அதில் இருக்கிறது.

எக்கோவாஸ் பாடம் கற்கவில்லை என்று சொல்லமுடியாது. 1993-இல் கொட்டோனுவில் திருத்திய ஒப்பந்தத்தில் வட்டாரப் பாதுகாப்பு முதன்முறையாக இடம்பெற்றது. 1999-இல் லோமேயில் கையெழுத்தான நெறிமுறை, மோதலைத் தடுக்கவும் படை அனுப்பவும் யாருக்கு அதிகாரம் என்பதை வரையறுத்தது. 2001-இல் டக்காரில் வந்த துணை நெறிமுறை, அரசியலமைப்புக்குப் புறம்பான ஆட்சி மாற்றத்தை ஏற்பதில்லை என்றது. சமூகத்துக்கு வெளியிலிருந்து இறக்குமதியாகும் பொருள்களுக்கு 0.5 சதவீதத் தீர்வை விதித்து அமைப்பின் செலவுக்குச் சொந்த வருமானம் தேடிக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவின் வேறெந்த வட்டார அமைப்பும் அப்போது இவ்வளவு தூரம் போயிருக்கவில்லை. 2017 ஜனவரியில் காம்பியாவில் அதன் பலன் தெரிந்தது. தேர்தலில் தோற்ற யாஹ்யா ஜாமே பதவி விலக மறுத்தபோது, வென்ற அடாமா பாரோ டக்காரிலுள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். செனகல் தலைமையிலான படை எல்லை தாண்டியது. இரண்டே நாளில் ஜாமே நாட்டைவிட்டுப் போனார். முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு, யார் தீர்மானிப்பது என்பதற்கு, தாளில் பதில் கிடைத்துவிட்டது. யாருடைய பாதுகாப்பு என்பதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. அல்லது கிடைத்த பதில் தவறாக இருந்தது.

அந்தத் தவறு இரண்டு இடங்களில் தெரிகிறது. படைவீரர்கள் ஆட்சியைக் கவிழ்த்தால் தண்டனை என்ற அமைப்பு, ஆட்சியிலிருப்பவர் அரசியலமைப்பைத் திருத்திப் பதவியில் நீடிப்பதைத் தண்டிக்கவில்லை. எந்த அதிபருக்கும் இரண்டு முறைக்கு மேல் பதவி இல்லை என்ற முன்மொழிவு 2015 மே மாதம் அக்ராவில் வைக்கப்பட்டது. காம்பியாவும் டோகோவும் எதிர்க்க, அது கிடப்பில் போனது. 2020-இல் கினியில் ஆல்ஃபா கொண்டே அரசியலமைப்பை மாற்றி மூன்றாம் முறை போட்டியிட்டு வென்றார், அமைப்பு தடுக்கவில்லை. அடுத்த ஆண்டு படை அவரைக் கவிழ்த்தபோது மட்டும் விதிகள் நினைவுக்கு வந்தன. இரண்டாவது, பயங்கரவாதம். 2011-இல் லிபியா சிதைந்தபின் ஆயுதமும் ஆயுதக்காரர்களும் தெற்கே பெருகினார்கள். மாலி, புர்கினா, நைஜர் சந்திக்கும் லிப்டாகோ-குர்மா பகுதி ஊர் ஊராகக் காலியானது. 2019 செப்டம்பரில் வாகடூகு உச்சிமாநாட்டில் பயங்கரவாதத்தை எதிர்க்க 100 கோடி டாலர் திரட்டுவதாக அறிவித்தார்கள். அதில் மிகச் சிறு பகுதிதான் வந்துசேர்ந்தது. சாஹேல் நாடுகளின் ஐவர் கூட்டுப் படையும், கடற்கரை நாடுகளின் அக்ரா முன்முயற்சியும் எக்கோவாஸுக்கு வெளியேதான் உருவாயின. ஆனால் 2023-இல் ஓர் அதிபரின் பதவி பறிபோனபோது படைத் தளபதிகள் சில வாரங்களில் இருமுறை கூடி, தாக்கும் நாளையே குறித்துவிட்டதாக அறிவித்தார்கள். கிராமத்தான் செத்தபோது கிடைக்காத வேகம் அதிபர் மாளிகைக்குக் கிடைத்தது. சாஹேல் மக்களில் பலர் எக்கோவாஸை ‘அதிபர்கள் சங்கம்’ என்று ஏசியதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

2023 ஜூலை 26 அன்று நைஜரில் ஜெனரல் சியானி, அதிபர் பஸூமைச் சிறைப்படுத்தினார். நான்கு நாளில் அபூஜாவில் கூடிய தலைவர்கள் ஒரு வாரக் கெடு விதித்தார்கள். எல்லைகள் மூடப்பட்டன, வணிகம் நிறுத்தப்பட்டது, வட்டார மத்திய வங்கியிலிருந்த நைஜரின் பணம் முடக்கப்பட்டது. தன் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தை நைஜீரியாவிலிருந்து வாங்கிய நைஜருக்கு அந்த இணைப்பும் துண்டிக்கப்பட்டது. நைஜர் ஆற்றின் பெனின் கரையில் இருக்கிற மலான்வில் சந்தை நகரில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. கொட்டோனு துறைமுகத்திலிருந்து வந்த அரிசியும் மருந்தும் உதவிப் பொருள்களும் வெயிலில் கிடந்தன. ஓட்டுநர்கள் லாரிக்கடியில் படுத்து நாள் கழித்தார்கள். ஆற்றின் எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரிகிற கயா ஊருக்குப் பாலம் வழியாகப் போகமுடியாதவர்கள் படகில் கள்ளத்தனமாகச் சரக்கைக் கடத்தினார்கள். நைஜரின் கால்மி வெங்காயம் கானா, ஐவரி கோஸ்ட் சந்தைகள் வரை போகும். அந்த வழியும் அடைபட்டது. நைஜீரியாவின் ஏழு வட மாநிலங்கள் நைஜரோடு எல்லையைப் பகிர்ந்துகொள்கின்றன. இருபுறமும் ஹவுசா மொழி பேசும் ஒரே குடும்பங்கள், ஒரே சந்தைகள். கட்சினா வியாபாரிக்கும் மராடி வியாபாரிக்கும் தடை ஒன்றுதான். நைஜீரிய செனட் சபையே படையெடுப்பு வேண்டாம் என்றது. கடைசியில் படை போகவில்லை, பஸூம் விடுதலையாகவில்லை. 2024 பிப்ரவரியில் தடைகளில் பெரும்பாலானவை விலக்கப்பட்டன. அதற்கு ஒரு மாதம் முன்பே மூன்று நாடுகளும் விலகல் அறிவிப்பைக் கொடுத்துவிட்டன.

அப்படியானால் ஆட்சிக் கவிழ்ப்பைக் கண்டும் காணாமல் இருக்கவேண்டுமா? தடை விதிக்காவிட்டால் அடுத்த முகாமில் இன்னொரு கேப்டன் துணிவான் என்று தடையை ஆதரிப்போர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. காம்பியாவில் வென்றதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் காம்பியாவில் எல்லைச் சந்தையோ மின்சாரமோ ஆயுதமாகவில்லை. அங்கே மக்கள் ஓட்டுப்போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த ஓட்டைக் காக்கப் படை போனது. ஜாமே என்ற ஒருவர்மீதே அழுத்தம் குவிந்தது. நைஜரில் தண்டனை 2.5 கோடி மக்கள்மீது விழுந்தது; அதனால் சியானியின் நாற்காலி ஆடவில்லை, அவரைச் சுற்றித் தேசிய உணர்வு திரண்டு அது கெட்டிப்பட்டது. மாலியில் 2022 ஜனவரியில் விதித்த தடைகளிலும் இதே விளைவைப் பார்த்தபின்னும் திரும்பச் செய்தார்கள். ஒருங்கிணைப்பு என்பதே எல்லையைத் திறந்துவைத்து அண்டை நாட்டை நம்பிப் பிழைக்கச் செய்வதுதான். அந்த நம்பிக்கையையே சாட்டையாக எடுத்தால், அடுத்தமுறை எந்த நாடும் மின்சாரத்துக்கோ துறைமுகத்துக்கோ அண்டை நாட்டை நம்பத் தயங்கும். கவிழ்ப்பைத் தடுக்கும் பயன் கிடைக்கவில்லை. ஒருங்கிணைப்பின் அடித்தளமும் போனது.

பொருளியலாளர்கள் வேறு வழியாக வருவார்கள். உறுப்பு நாடுகள் ஒன்றோடொன்று செய்யும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் 10, 15 சதவீத அளவிலேயே இருக்கிறது; எல்லோரும் எண்ணெய், கோகோ, பருத்தி, தங்கம் என்று கச்சாப் பொருளை வெளியே விற்கிறவர்கள்; ஒருவருக்கொருவர் விற்க என்ன இருக்கிறது, ஆகவே குறை பாதுகாப்பில் இல்லை, உற்பத்தியில் இருக்கிறது என்பார்கள். இந்தக் கணக்கில் சுங்கச்சாவடியில் பதிவாகாத வணிகம் சேராது. சாஹேலின் ஆடுமாடுகள் தெற்கே போவதும், கடற்கரையின் கோலாக் கொட்டையும் மீனும் வடக்கே வருவதும், துணி, தானியம், பெட்ரோல் எல்லாம் எல்லை மாறுவதும் பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. லாகோஸிலிருந்து அபிஜான் வரை ஐந்து நாடுகளைக் கடக்கும் சுமார் 1,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் நடக்கும் பிழைப்பு ஒருங்கிணைப்பு வேண்டுமென்று எவர் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. அந்த வணிகத்தை அடிக்கடி முறித்தது அரசுகள் சொன்ன பாதுகாப்புக் காரணங்கள்தான். 2019 ஆகஸ்டில் நைஜீரியா கடத்தலைத் தடுப்பதாகச் சொல்லித் தரை எல்லைகளை மூடியது. 2020 டிசம்பர் வரை திறக்கத் தொடங்கவில்லை. உற்பத்திக் குறை உண்மை. ஆனால் எந்த நாளும் சாலை மூடப்படலாம் என்ற நிலையில் பக்கத்து நாட்டுச் சந்தையை நம்பி ஆலை கட்டுவது யார்?

பழியை முழுக்க நைஜீரியாமீதோ பிரான்ஸ்மீதோ போடுவதும் உண்டு. நைஜீரியா பெரியண்ணன்தான்; ஆனால் 1990-இல் எதிர்த்த கொம்பாவொரேயின் புர்கினாவும், 2015-இல் தடுத்த டோகோவும் சிறிய நாடுகள். பிரான்சின் தலையீடு 1968 முதல் ஆவணப்பட்டது. ஆனால் பிரெஞ்சுப் படையை வெளியேற்றிய மூன்று நாடுகளின் புதிய கூட்டணியும் பழைய குறையையே புதுப்பித்திருக்கிறது. சாஹேல் நாடுகளின் கூட்டணி 2023 செப்டம்பரில் பரஸ்பரப் பாதுகாப்புச் சாசனத்தோடு தொடங்கியது. நாடுகளின் கூட்டமைப்பு, பாஸ்போர்ட், கூட்டுப்படை எல்லாம் பின்னால் வந்தன. பாதுகாப்பை முதல் வரியாக எழுதியதில் அது லாகோஸைவிட நேர்மையானது. ஆனால் மூன்று நாடுகளிலும் தேர்தல் தள்ளிப்போய், படைத் தலைவர்களின் பதவிக்காலம் நீண்டிருக்கிறது. யாருடைய பாதுகாப்பு என்றால் மறுபடியும் அதிபர் மாளிகையுடையது. 2025 மார்ச்சில் எக்கோவாஸ் நாடுகளின் பொருள்களுக்கு 0.5 சதவீதத் தீர்வையும் விதித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜிகாதிகள் டக்கார், அபிஜான் துறைமுகங்களிலிருந்து வந்த எரிபொருள் லாரிகளைக் கொளுத்தி மாலியை முற்றுகையிட்டபோது, பமாக்கோவில் பெட்ரோல் நிலையங்கள் வறண்டன, பள்ளிகள் மூடப்பட்டன. எக்கோவாஸிலிருந்து விலகமுடிந்தது, எக்கோவாஸ் சாலைகளிலிருந்து விலகமுடியவில்லை. லாரி பாதுகாப்பாகப் போவதுதான் நாட்டின் பாதுகாப்பு என்பதை எந்த மாநாட்டுத் தீர்மானத்தையும்விட அந்த முற்றுகை தெளிவாகச் சொன்னது.

இப்போது இரு தரப்பும் பேசத் தொடங்கியிருக்கின்றன. 2025 மே மாதம் எக்கோவாஸ் ஆணையத் தலைவர் ஒமர் டூரே பமாக்கோ சென்று மூன்று நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களைச் சந்தித்தார். விலகியவர்களின் பழைய பாஸ்போர்ட்டுகளையும் வணிகச் சலுகைகளையும் மறு அறிவிப்பு வரை மதிப்பதாக எக்கோவாஸ் அறிவித்ததும் நல்ல அடையாளம். ஆனால் மறு அறிவிப்பு வரை என்பதை நம்பி ஒரு வெங்காய வியாபாரி லாரி பேசமுடியாது. ஐம்பது ஆண்டு வரலாறு சுட்டுகிற வேலை இதுதான்: எந்த அரசியல் தகராறிலும் மூடக்கூடாத பாதைகள், துண்டிக்கக்கூடாத மின்சாரம், நிறுத்தக்கூடாத மருந்தும் தானியமும், முடக்கக்கூடாத சம்பளப் பணம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திடவேண்டும். தண்டனை பதவியைப் பறித்தவரின் சொத்தையும் பயணத்தையும் தொடட்டும்; அரசியலமைப்பை வளைத்துப் பதவியில் ஒட்டிக்கொள்பவருக்கும் அது பொருந்தட்டும். சாலைக் காவலுக்கும் எல்லை ரோந்துக்கும் ஒப்புக்கொண்ட பணத்தை ஒவ்வொரு அரசும் ஆண்டுதோறும் கட்டட்டும். யாருடைய பாதுகாப்பு, யார் தீர்மானிப்பது, யார் விலை கொடுப்பது என்ற மூன்றுக்கும் இதில் பதில் வந்துவிடும். 1975-இல் இதைப் பேசியிருந்தால் ஒப்பந்தமே நடந்திருக்காது என்பது உண்மையாகவே இருக்கலாம். இன்று இதைப் பேசாமல் ஒப்பந்தம் எதுவும் நிற்கப்போவதில்லை.